பனிக்கட்டி மூழ்கும் தீவு

காற்று கழற்றிப் போட்ட கதவு
இப்போது எங்கள் மேசை.
கீல் இருந்த பக்கம் எலுமிச்சைகள்,
சாவித்துளைக்குப் பக்கத்தில் ஜாதிக்காய்,
நடுவில் ஐந்து போத்தல்கள்.

கரியாகுத் தீவில் மின்சாரம் போய் ஆறு நாள்.
செப்டிமஸ் வீட்டு டீசலும் நேற்றோடு தீர்ந்தது.
ஐஸ்பெட்டியின் அடியில் மிஞ்சியதைச்
சாக்கில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தான்.
ஒரு செங்கல் அளவு.
"இது உருகுமுன் முடிவு செய்வோம், வெர்லின்,
எதைக் கலப்பது, எதைச் சும்மா உறிஞ்சுவது."

கூரையைப் பற்றி முடிவு செய்ய வேண்டியிருந்தது.
தார்ப்பாய் முதலில் யாருக்கு என்பதையும்.
நாங்கள் ரம்மைப் பற்றிப் பேசினோம்.

முதலில் பார்படாஸ்காரி.
பீப்பாய்க்குள் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு
என் தங்கை கல்யாணத்துக்கு வந்தவள்.
கனிந்த வாழைப்பழம், பூட்டிய அலமாரி,
தொண்டையில் ஒரு சுணைகூட இல்லை.
"நல்ல குடும்பத்துப் பெண்," என்றான் அல்வின்,
"அதிர்ந்து பேசமாட்டாள்."
எனக்கு அவளைப் பிடிக்காததும் அதனால்தான்.
ஆனாலும் அவளோடு எதையும் கலக்காதே.
தண்ணீர் என்றால் இரண்டு சொட்டு,
அதுவும் விரல் நுனியால்.

கயானாவின் கறுப்பு:
கருப்பட்டிப் பாகு அடிப்பிடிக்கப் போகும் நேரம் பார்த்து
அடுப்பை அணைத்த கை எவருடையதோ, வாழ்க.
இஞ்சி பியர் ஊற்றினால் அடங்கும் என்பார்கள்.
ஊற்றிப் பார்த்தோம்,
இஞ்சிதான் அடங்கியது.

மார்டினிக்கின் வெள்ளை,
இரண்டு பெட்டி மீனுக்கு ஒரு படகுக்காரன் கொடுத்தது.
பாகில் வடித்ததில்லை, சாற்றில் வடித்தது.
பச்சைக் கரும்பைப் பல்லால் கிழிக்கும் நொடி
அப்படியே உள்ளே இருக்கிறது.
தனியே குடித்தால் புல் மேய்கிற மாதிரி.
காசளவு எலுமிச்சைத் தோல், அரைக் கரண்டி சர்க்கரை,
உடனே பேசத் தொடங்கிவிடுகிறது,
பிரெஞ்சில், கையை ஆட்டி ஆட்டி.

ஜமைக்காவை செப்டிமஸ் மோந்து பார்த்தான்.
அழுகிய அன்னாசி. வார்னிஷ். கொஞ்சம் பசை.
"என் பட்டறை," என்றான்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கடல் இருக்கிறது.
பாதிவரை பலகை அடித்த படகு
எந்தப் பக்கம் போனது என்று
பார்த்தவர் எவருமில்லை.
அந்தக் கோப்பையில் அவன் எதையும் கலக்கவில்லை,
கீழே வைக்கவும் இல்லை.

ஐந்தாவதைப் போத்தல் என்று சொன்னது மரியாதைக்காக.
சமையல் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேன்.
ஜாக் அயர்ன்.
வயது தெரியாது, பீப்பாய் தெரியாது,
லேபிள் இருந்த இடத்தில் கோந்து மட்டும்.
இதை எவரும் ஒப்பிடுவதில்லை.
படகு இறக்கும் நாளில் மேல்தளத்தில் தெளிப்போம்,
சாவு வீட்டில் முதல் வாய் தரைக்கு ஊற்றுவோம்.
இந்த முறை தரைக்கு பார்படாஸை ஊற்றலாம் என்றான் அல்வின்.
வேண்டாம் என்றேன்.
செத்தவர்கள் உயிரோடு அதைக் குடித்ததே இல்லை,
நாம் ஏதோ கடன் கேட்க வந்ததாக நினைப்பார்கள்.

செப்டிமஸ் சுத்தியலால் ஐஸை உடைத்தான்.
கயானாவில் போட்ட துண்டு மிதந்தது.
மார்டினிக்கில் தயங்கித் தயங்கி மிதந்தது.
பார்படாஸில் போட அல்வின் விடவில்லை.
ஜாக் அயர்னில் போட்டது
கூழாங்கல்லைப் போல நேரே அடிக்குப் போனது.

வெளியூரார் வந்தால் இதை வித்தையாகக் காட்டுவோம்,
கைதட்டுவார்கள்.
இன்று மூன்று தலைகளும் ஒரே கண்ணாடிக் கோப்பைமேல் குனிந்தன.
"ஐஸ் அதே ஐஸ்தான்," என்றான் செப்டிமஸ்,
முப்பது வருடம் படகு கட்டியவன்.
"தாங்குகிறது லேசாகிவிட்டது, அவ்வளவுதான்."

மிச்ச ஐஸ் சாக்கோடு உருகி
கதவின் பள்ளங்களில் ஓடியது.
ஈரம் பட்ட இடத்தில் மரம் கருத்து
ரேகை தெரிந்தது, நேராக, கணு இல்லாமல்.
அவன் கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே போனான்,
எலுமிச்சையிலிருந்து சாவித்துளை வரை.
"சீடர் மரம்," என்றான்.
கொஞ்சநேரம் கழித்து,
"வெர்லின், இந்தக் கதவு உனக்கு வேண்டுமா?"

வாசலே இல்லாத வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
போத்தல்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கத் தொடங்கினேன்,
பார்படாஸ்காரியை முதலில்.